நொட்டம் சொல்லக் கூடாத வண்டி

எங்கள் வீட்டு வாசலில் மலையேறுகிற வண்டி ஒன்று நிற்கிறது. திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் மேடு என்று பார்த்தால் இரண்டு ஸ்பீடு பிரேக்கர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை ரோடு போட வந்தவர்கள் மழித்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற அந்த ஒன்றை ஏறி இறங்கத்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்றுமதிக்காரர்கள் கொடுக்கிற துணியைப் பனியனாகத் தைத்து, குறை பார்த்து, பெட்டி போட்டு அனுப்புகிற ஒரு ஷெட். அலைகிற வேலை அவருக்கு, செக்கிங் டேபிள் எனக்கு. ஒரு பனியனை விரித்தால் கண் பார்க்கிறதற்கு முன்னால் என் கை ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். குறை தெரிந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போடுவோம். ஆக, குறை சொல்வது எனக்கு வாய்க்கொழுப்பு இல்லை, பிழைப்பு. இதை என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை.

வண்டி எடுக்கப் போன அன்றைக்கு ஷோரூமில் வண்டிக்குப் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். பாட்டுப் போட்டு, துணியை உருவி, கேக் வெட்டி, எங்கள் கையில் தெர்மோகோலில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கல்யாணத்தில்கூட என்னை இத்தனை போட்டோ எடுக்கவில்லை.

"இடுப்பளவு தண்ணியில எறக்கினாலும் ஒரு சொட்டு உள்ள வராதுங்க மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

"இடுப்பளவு தண்ணியில நான் எதுக்குங்க எறங்கோணும்?" என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துல நொட்டம் சொல்லாத அம்மிணி" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். நொட்டம் என்றால் குறை. அந்தச் சொல்லை இந்த இரண்டு வருடத்தில் நான் கேட்டது போல வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மழை வந்தது. விற்பனைக்காரர் சொன்னது சத்தியம்தான், கீழேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மேலேயிருந்து வந்தது. கூரையும் கண்ணாடியும் சேருகிற இடத்தில் புறப்பட்டு, நேராக என் மடியில் இறங்கியது. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் ஒழுகவில்லை. அட கெரகமே, வண்டிக்குக்கூட யார் மடி என்று தெரிந்திருக்கிறது!

சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னோம். அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கூரை கழட்டற மாடலுங்க மேடம். லேசா ஒழுகறது இந்த வண்டியோட கேரக்டருங்க" என்றான்.

கேரக்டராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பனியனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறார்கள். கழுத்துப்பட்டி கால் இஞ்ச் கூடினால் கப்பல் ஏறவிட மாட்டார்கள். ஒரு நாளாவது நான் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரிடம், "ஓட்டை இருக்கறது இந்தப் பனியனோட கேரக்டருங்க" என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் ஷெட்டுக்குப் பூட்டுத்தான். நாம் விற்றாலும் கும்பிடு போட வேண்டும், வாங்கினாலும் கும்பிடு போட வேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. தானே சரி செய்கிறேன் என்று இறங்கினார். திருப்பூரில் பிறந்தவனுக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: பனியன் வேஸ்ட். ஆயில் சிந்தினால் வேஸ்ட், கதவு ஆடினால் வேஸ்ட், குழாய் சொட்டினால் வேஸ்ட். குறை என்று ஒதுக்கிக் கிழித்த பனியன் துண்டுகளில் நல்ல மெத்தென்ற வெள்ளைத் துணியாகப் பொறுக்கி, திரித்து, ஸ்குரூ டிரைவரால் அந்தக் கூரை இடுக்கு முழுவதும் கெட்டித்து அடைத்தார். "இனி பாரு, ஒரு சொட்டு வந்தா என்னைக் கேளு" என்றார்.

கேட்கத்தான் வேண்டியிருந்தது. வியர்வையை உறிஞ்சுவதற்கென்றே செய்கிற துணி அது. மழை நின்ற பிறகும் கூரையில் தேங்கிய தண்ணீரை எல்லாம் விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிறது போல உள்ளே இழுத்து, நிதானமாக இறக்கிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் மழை பெய்தால்தான் ஒழுகும். அடைத்த பிறகு வெயிலிலும் ஒழுகியது. துணியையே தொழிலாக வைத்திருக்கிற மனுசன் துணியால் தண்ணீரை அடைக்கப் பார்த்தார் என்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மறுபடி சர்வீஸ் சென்டர். அதே தம்பி இடுக்கில் கையை விட்டு இழுத்தான். துணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னங்க சார் இது?"

"அது... வண்டியோடவே வந்துச்சோ என்னமோ" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் தையலும் நாங்கள் வைத்துத் தைத்த லேபிளும் அந்தத் துண்டில் இருந்தன.

வெளிப்பொருளை நுழைத்ததால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. அன்றைக்கு வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் வண்டியை எதிலாவது விட்டிருப்பார்.

ஒழுகல் ஒன்றுதானா? கதவை ஓங்கிச் சாத்தினால் மூடாது, மெதுவாகச் சாத்தினாலும் மூடாது, அதற்கு நடுவில் ஒரு பலம் இருக்கிறது, அது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். பின்கதவு போகிற வழியெல்லாம் லொடலொடவென்று பேசிக்கொண்டே வரும். ரிவர்ஸ் எடுத்தால் முன்னால் இருக்கிற திரையில் பின்னால் இருப்பது தெரிய வேண்டும், தெரிவது கருப்பு. சேலை கட்டினவள் அதில் ஏறுவது தனிக் கூத்து. ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்து, ஒரு கையில் கம்பியைப் பிடித்து, எம்பிக் குதித்து உள்ளே விழுந்தால், "பாத்து, சீட்டு அழுக்காகப் போகுது" என்பார். மாமியார் வீட்டு மாடிப்படியைக்கூட நான் இத்தனை பயந்து ஏறியதில்லை. ஒரு தரம் அவிநாசிபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ ஆறுகிற நேரத்துக்குள் வண்டி செத்துவிட்டது. உதிரி பாகம் வடக்கேயிருந்து வர வேண்டும் என்றார்கள். வடக்கேயிருந்து வேலைக்கு வருகிற ஆட்கள் இரண்டு நாளில் வந்துவிடுகிறார்கள், அந்தப் பாகம் நடந்து வந்ததோ என்னவோ, இரண்டு மாதம் ஆயிற்று.

சரி, விற்றுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வண்டிய வித்தா, அவனுக்கு ஆர்டர் இல்லைனு ஊரே பேசும்" என்றார். அதில் அவர் சொன்னது பொய் இல்லை. இந்த ஊரில் ஒரு கம்பெனிக்காரன் நன்றாக இருக்கிறானா என்று யாரும் கணக்கைப் பார்க்க மாட்டார்கள், வாசலில் நிற்கிற வண்டியைப் பார்ப்பார்கள். வண்டி மாறி பைக் வந்தால் நூல்காரர் கடன் கொடுக்க யோசிப்பார், ஒரம்பரைச் சொந்தங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க யோசிப்பார்கள். அதனால் இங்கே யாரும் வண்டியை விற்பதில்லை. தன் வண்டியைப் பற்றி நொட்டம் சொல்வதும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் யார் கேட்டாலும், "சூப்பருங்க, டேங்க் மாதிரி" என்றுதான் பதில் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சோறு எங்கள் வீட்டுச் சோறு என்பதால் நானும் சும்மா இருந்தேன்.

அப்படிச் சும்மா இருந்ததில்தான் என் தம்பிக்கு வினை வந்தது.

என் தம்பி மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் தென்னையும் நெல்லுமாகத் தோட்டம் பார்க்கிறான். முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்திருக்கிறான். தன் வயலை உழுதது போக மற்றவர்கள் வயலுக்கும் வாடகைக்கு உழுவான். தேங்காய் விலை கவிழ்ந்த வருடத்தில்கூட அவனுக்குச் சோறு போட்டது அந்த டிராக்டர்தான்.

பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். நடவுக்குச் சேறடித்து வைத்திருந்த வயலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கை அரித்தது. "மாப்ள, இந்த வண்டி என்னென்ன பண்ணும்னு காட்டறேன் பாரு" என்று வரப்பிலிருந்து இறக்கிவிட்டார். வண்டி வயலுக்குள் நன்றாகத்தான் போயிற்று. வெளியே வருவதற்குத்தான் அதற்கு மனசில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றியதில் நாலு குழி விழுந்தது. என் வீட்டுக்காரர் ஏதேதோ லீவரைப் போட்டுப் பார்த்தார், புத்தகத்தை எடுத்துப் படித்தார். வண்டி பிள்ளையாரைப் போல உட்கார்ந்துவிட்டது. கடைசியில் என் தம்பி டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்து மேலே போட்டான்.

தலை முதல் கால் வரை சேறாக இறங்கிய என் வீட்டுக்காரர் சொன்னார்: "பாத்தியா மாப்ள, அந்த இழு இழுத்தும் வண்டியில ஒரு கீறல் இல்ல. அதுதான் பில்டு குவாலிட்டி!"

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மீசையெல்லாம் மண்ணாக நின்றுகொண்டு அதைச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தம்பி போன் செய்தான். "அக்கா, டிராக்டருக்கு ஆள் வந்துருச்சுங்க. குடுத்துட்டு, மாமன் வச்சிருக்கற வண்டியே எடுத்துரலாம்னு இருக்கறனுங்க. ஞாயித்துக்கெழம வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, அப்படியே புக் பண்ணிப் போட்டுப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேற்றில் மாட்டிய வண்டியை டிராக்டரை வைத்து இழுத்தவன் இவன். இழுத்த டிராக்டரை விற்று, மாட்டிய வண்டியை வாங்குகிறேன் என்கிறான். "உனக்கென்னடா கிறுக்கா? வயித்துக்குச் சோறு போடறத வித்துப்போட்டு..." என்று ஆரம்பித்தேன். "மாமனே அவ்வளவு சொல்றாருங்களே அக்கா" என்று போனை வைத்துவிட்டான்.

வீட்டுக்காரரிடம் போனேன். "ஏனுங்க, நீங்க பேசின பேச்சுதான் அவனக் கெடுத்து வச்சிருக்குது. வண்டி வேண்டாம்டானு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் பொழப்புங்க அது."

அவர் பனியனைக் கழற்றி உதறினார், மறுபடி போட்டார். "என்ற வண்டிய நானே நொட்டம் சொன்னா ஊர் என்ன நெனைக்கும்?"

"அவன் ஊரா? என்ற தம்பிங்க!"

"தம்பி வாய்ல இருந்துதான் ஊருக்கே போகும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பை இரண்டு தரம் போட்டேன். அதையும் சூப்பர் என்று குடித்தார். குறை சொல்லக் கூடாது என்பதில் மனுசனுக்கு அவ்வளவு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் கம்பெனியைத் திறந்து அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்றை எடுத்து வந்தேன். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். பையருக்கு முன்னால் கடைசிச் செக்கிங் பார்க்கிற மாதிரி, மேலே ஆரம்பித்துக் கீழே வரை. கூரை இடுக்கில் வரிசையாக அம்பு. சாத்தாத கதவில் அம்பு. பெயிண்ட் கொப்புளித்த இடத்தில், துருப்பிடித்த கீலில், கருப்புத் திரையில், பேசுகிற பின்கதவில், ஈரம் ஊறிப் பூசணம் பிடித்த சீட்டுக்கடியில் அம்பு. ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வண்டிக்கு அம்மை போட்டது போல இருந்தது. இத்தனை அம்பு ஒட்டின பீஸை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த என் வீட்டுக்காரர் நுரையோடு நின்றார். "என்ன பண்றே புள்ள! பக்கத்து ஊட்டுக்காரன் பாக்கறான்!"

"பாக்கட்டும்ங்க. நீங்க வாயில சொல்ல மாட்டீங்க, நான் கையில சொல்றேன்."

அவர் வந்து ஒன்றைப் பிய்த்தார், நான் அந்த இடத்தில் இரண்டை ஒட்டினேன். நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே தம்பியின் பைக் வந்து நின்றது.

அவன் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஒவ்வொரு அம்பாகப் படித்தான். என் வீட்டுக்காரர் துண்டால் வாயைத் துடைத்தார். இதோ, டேங்க் மாதிரி என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தம்பியின் முகத்தில் என்ன தெரிந்ததோ, "மாப்ள" என்றவர் துண்டைத் தோளில் போட்டார். அப்புறம் என் கையிலிருந்த ரோலைப் பிடுங்கினார்.

"உங்கக்கா பாதிதான் பாத்திருக்கறா" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஒன்றை ஒட்டினார். "இது திருப்பும்போது கடகடங்குது. இங்க பாரு, மூணாவது கியர் விழாது. ஏசி போட்டா மேடு ஏறாது. ஹாரன் அதும்பாட்டுக்கு அடிக்கும், செத்த ஊட்டு வாசல்லகூட அடிச்சுதப்பா! ரெண்டு வருசமா தூக்கம் இல்ல மாப்ள எனக்கு!" சொல்லச் சொல்ல ஒட்டினார். எனக்கே தெரியாத குறைகள். இத்தனையையும் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் பாவி மனுசன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"வேண்டாம் மாப்ள. டிராக்டரக் குடுக்காத" என்று முடித்தார்.

தம்பி தலையை ஆட்டினான். "தெரியுமுங்க மாமா. சேத்துல நான்தானுங்களே இழுத்தேன்."

"தெரிஞ்சுமாடா வாங்கறே?" என்றேன்.

"ஓட்டறதுக்கில்லீங்க்கா. வாசல்ல நிக்கறதுக்கு." அவன் எங்களைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தே பேசினான். "கல்யாணத் தரகர் சொல்லீட்டாருங்க. தோட்டம்னா போனை வச்சர்றாங்களாமா. பொண்ணு ஊட்ல மொதல்ல கேக்கறது என்ன வண்டின்னுதான். போன தடவ ஒருத்தங்க எங்கூட்டு வாசல் வரைக்கும் வந்து, டிராக்டரப் பாத்துட்டுக் கார்லயிருந்து எறங்காமயே போயிட்டாங்க. தண்ணி கொண்டுட்டுப் போனேன், அதுகூடக் குடிக்கல."

இதை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை. "ஒரு நல்ல எடமா வரும் கண்ணு, வெசனப்படாத" என்றேன். வழக்கமாகச் சொல்கிற அதே வார்த்தை.

அவன் என் வீட்டுக்காரர் கையிலிருந்த ரோலைக் காட்டினான். "அதுல மிச்சம் இருந்தா எம்மேலயும் ஒட்டுங்க்கா. எங்கெங்க நொட்டம்னு நானும் தெரிஞ்சுக்கறேன். இதுவரைக்கும் வந்தவங்க யாரும் சொல்லாமயே ரிஜெக்ட் பண்ணீட்டுப் போயிட்டாங்க."

என் வீட்டுக்காரர் ரோலைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். நான் அப்படியே உள்ளே போய் அவனுக்குத் தோசை ஊற்றினேன். அவன் சாப்பிட்டான், கிளம்பினான். போகும்போதே ஷோரூமில் புக் செய்துவிட்டுத்தான் போனான். டிராக்டரை அந்த வாரமே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவனுக்கு வண்டி வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒழுகுகிறது. இப்போது அவன் வயலுக்கு வெளியாள் டிராக்டர் வர வேண்டும். அவர்கள் தங்கள் வேலை முடித்து வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடுகிறது. ஆனால் தரகர் சொன்னது பலித்தது: உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை காரிலிருந்து இறங்கினார்கள். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள், தின்பண்டம் சாப்பிட்டார்கள், தென்னந்தோப்பு வரை நடந்து போய் வந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் பெண்ணின் அப்பா, தொழுவத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"இத்தன தோட்டம் வச்சிருக்கறீங்க, சொந்தமா ஒரு டிராக்டர்கூட இல்லீங்களா?"

தம்பி இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு லாட் பனியன் கிடந்தது, ஒன்றைக்கூட என்னால் விரித்துப் பார்க்க முடியவில்லை.